பெரிய எண்ணொன்றின் குணங்களைக் கண்டறிவது எப்படி: 5,65,63,416-ஐ வைத்து ஒரு செய்முறை

ஓர் எண்ணுக்கு எத்தனை வகுத்திகள்? அவற்றின் கூட்டுத்தொகை என்ன? இரண்டு வர்க்கங்களைக் கூட்டினால் அந்த எண் வருமா? 1-ஐ அந்த எண்ணால் வகுத்தால் தசமம் எத்தனை இலக்கத்துக்கு ஒருமுறை திரும்ப வரும்? கேள்விகள் வேறுவேறாகத் தெரிந்தாலும் விடை எல்லாம் ஒரே இடத்தில்தான் இருக்கிறது: அந்த எண்ணின் பகாக் காரணிகளில். ஆகவே உழைப்பில் பெரும்பங்கைக் காரணிப்படுத்துவதிலும் அதைச் சரிபார்ப்பதிலும் செலவிடுங்கள். அது பிசகினால் பின்னால் வரும் அத்தனை விடையும் பிசகும்.

எடுத்துக்காட்டுக்கு 5,65,63,416 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். தாளும் பேனாவும் போதும். சாதாரணக் கால்குலேட்டர் இருந்தால் வேலை விரைவாகும்.

முதலில் காற்புள்ளியைக் கவனியுங்கள்

நாம் கோடி, இலட்சம் என்று காற்புள்ளி இடுகிறோம். வாசிக்க அது வசதி. ஆனால் 7, 11, 13 ஆகியவற்றுக்கான சோதனைக்கு எண்ணை வலமிருந்து மும்மூன்று இலக்கமாகப் பிரிக்க வேண்டும். பலர் தடுமாறும் இடம் இதுதான். 5 | 65 | 63 | 416 என்று இருக்கும் காற்புள்ளியையே பிரிவாக எடுத்துக்கொண்டு மாறிமாறிக் கழித்துக் கூட்டினால் 416 − 63 + 65 − 5 = 413 என வரும். 413 என்பது 7 × 59. அதைப் பார்த்து, ‘7-ஆல் வகுபடும், 13-ஆல் வகுபடாது’ என்று எழுதிவிடுவோம். பாதி விடை தற்செயலாகச் சரி, மறுபாதி தவறு. எனவே சோதனை தொடங்கும் முன் எண்ணைத் தனியாக 56 | 563 | 416 என்று எழுதிக்கொள்ளுங்கள்.

சிறிய பகா எண்களை உதிர்த்தல்

2-இன் அடுக்கு: கடைசி மூன்று இலக்கம் 416. அது 8 × 52, எனவே எண் 8-ஆல் வகுபடும். 16-க்குக் கடைசி நான்கு இலக்கத்தைப் பார்க்க வேண்டும். 3,416-ஐ 16-ஆல் வகுத்தால் 213-உம் மீதி 8-உம் வருகின்றன. ஆக 2³-ஓடு நின்றுவிட்டது.

3-இன் அடுக்கு: இலக்கங்களைக் கூட்டுங்கள். 5+6+5+6+3+4+1+6 = 36. எண் 9-ஆல் வகுபடும். இங்கே ஓர் எச்சரிக்கை. இலக்கக் கூட்டுத்தொகை 27-ஆல் வகுபட்டால் எண்ணும் 27-ஆல் வகுபடும் என்று நினைத்துவிடாதீர்கள், அந்த விதி 9-ஓடு முடிந்துவிடுகிறது. 27-ஐ அறிய, 9-ஆல் உண்மையாகவே வகுத்து, வரும் ஈவின் இலக்கங்களை மறுபடி கூட்ட வேண்டும்.

5: கடைசி இலக்கம் 6, எனவே இல்லை.

7, 11, 13: இந்த மூன்றையும் பெருக்கினால் 1,001. ஆயிரம் என்பது 1,001-க்கு ஒன்று குறைவு என்பதால், மும்மூன்றாகப் பிரித்து மாறிமாறிக் கழித்துக் கூட்டினால் மூன்று சோதனையும் ஒரே கணக்கில் முடியும். 416 − 563 + 56 = −91. குறியைப் பற்றிக் கவலை வேண்டாம். 91 = 7 × 13. ஆகவே எண் 7-ஆலும் 13-ஆலும் வகுபடும், 11-ஆல் வகுபடாது.

இனி வகுத்துக்கொண்டே போகலாம்.

5,65,63,416 ÷ 8 = 70,70,427
70,70,427 ÷ 9 = 7,85,603
7,85,603 ÷ 7 = 1,12,229
1,12,229 ÷ 13 = 8,633

ஒவ்வொரு படியிலும், கண்ட காரணி இன்னொரு முறையும் போகுமா என்று பார்த்துவிட்டே நகருங்கள். 8-ஆலும் 9-ஆலும் வகுத்தபின் நிற்கும் 7,85,603-இன் இலக்கக் கூட்டுத்தொகை 29, எனவே மூன்றாவது 3 இல்லை. 1,12,229-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 5. 8,633-ஐ 13-ஆல் வகுத்தால் மீதி 1. ஒரே காரணி இருமுறை வருவதைத் தவறவிடுவதுதான் கையால் செய்பவர்களிடம் அதிகம் நேரும் பிழை.

வகுத்துக்கொண்டே போவதில் இன்னொரு ஆதாயமும் உண்டு. ஓர் எண் பகு எண் என்றால் அதன் வர்க்கமூலத்தைத் தாண்டாத ஒரு பகாக் காரணி கட்டாயம் இருக்கும். தேடலின் எல்லை அதுவே. தொடக்கத்தில் எல்லை 7,520. அதுவரை 900-க்கும் மேற்பட்ட பகா எண்கள் இருக்கின்றன. 8-ஐ எடுத்ததும் எல்லை 2,659 ஆகிறது. 9-ஐ எடுத்ததும் 886, 7-ஐ எடுத்ததும் 335, 13-ஐ எடுத்ததும் வெறும் 92. வகுக்காமல் மூல எண்ணையே வைத்துக்கொண்டு ஒவ்வொரு பகா எண்ணாகச் சோதிப்பவர் இந்தச் சலுகை முழுவதையும் இழக்கிறார்.

எஞ்சிய 8,633-ஐ உடைத்தல்

11-உம் 13-உம் முடிந்துவிட்டன. எனவே 17-இலிருந்து 89 வரை 18 பகா எண்களால் வகுத்துப் பார்க்கலாம். கால்குலேட்டர் இருந்தால் சில நிமிட வேலைதான். ஆனால் அதற்கு முன், எண்ணை இரு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுதி உடைக்கும் ஃபெர்மாவின் முறையை ஒருமுறை முயன்று பாருங்கள்.

8,633-இன் வர்க்கமூலம் 92-க்கும் 93-க்கும் நடுவே இருக்கிறது. மேலே உள்ள முழு எண்ணை எடுத்து வர்க்கமாக்குங்கள். 93² = 8,649. அதிலிருந்து 8,633-ஐக் கழித்தால் 16. அது 4-இன் வர்க்கம். ஆக 8,633 = 93² − 4² = (93 − 4)(93 + 4) = 89 × 97. பதினெட்டு வகுத்தல்கள் செய்ய வேண்டிய இடத்தில் ஒரே கழித்தலில் முடிந்துவிட்டது. கழித்து வருவது முழு வர்க்கமாக இல்லையென்றால் 94², 95² என்று ஒவ்வொன்றாக ஏறிச் செல்ல வேண்டும்.

இரு காரணிகளும் ஒன்றுக்கொன்று அருகில் இருந்தால்தான் இந்த முறை விரைவாக வேலை செய்யும். 10,10,707-ஐப் பாருங்கள். அது 101 × 10,007. ஃபெர்மா முறையில் 1,006-இல் தொடங்கி 5,054 வரை ஏற வேண்டும், அதாவது 4,049 படிகள். ஒவ்வொரு பகா எண்ணாக வகுத்துப் போனால் 26-ஆவது பகா எண்ணான 101-இல் முடிந்துவிடும். ஆகவே ஃபெர்மா முறைக்கு ஐந்தாறு முயற்சிகள் கொடுங்கள். கிடைக்கவில்லையென்றால் வகுத்தலுக்குத் திரும்புங்கள்.

நம் எண்ணில் ஓர் அழகும் இருக்கிறது. இந்தச் சோதனையை முழு எண்ணுக்கே முதலில் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? 7,521² = 5,65,65,441. அதிலிருந்து 5,65,63,416-ஐக் கழித்தால் 2,025. அது சரியாக 45²! ஆக, நம் எண் = 7,476 × 7,566. முதல் படியிலேயே எண் இரண்டாக உடைந்துவிடுகிறது. இப்படி நேர்வது அரிது, அதை நம்பி இறங்கக் கூடாது. ஆனால் ஒரு வர்க்கமூலத்துக்கும் ஒரு கழித்தலுக்கும் ஆகும் நேரம் ஒரு நிமிடம்தான், எனவே எந்த எண்ணிலும் முயன்று பார்க்கத் தகும்.

7,476 = 2² × 3 × 7 × 89. 7,566 = 2 × 3 × 13 × 97. இரண்டையும் சேர்த்தால்:

5,65,63,416 = 2³ × 3² × 7 × 13 × 89 × 97

இரு வேறு வழிகளில் போனாலும் சேர்ந்த இடம் ஒன்றே. ஓர் எண்ணுக்குப் பகாக் காரணிகள் ஒரே ஒரு விதமாகத்தான் அமையும் என்பதால், இது நல்ல உறுதிப்பாடு.

சரிபார்ப்பு: ஒன்பதை நம்பாதீர்கள்

பெருக்கலை ஒன்பதால் சரிபார்க்கும் பழக்கம் பலருக்கு உண்டு. இங்கே அது பயன்படாது. காரணிகளில் 3² இருப்பதால் பெருக்கற்பலன் எப்படியும் 9-ஆல் வகுபடும். 97 என்று எழுத வேண்டிய இடத்தில் 79 என்று எழுதிவிட்டாலும் ஒன்பதின் சோதனை ‘சரி’ என்றே சொல்லும். இலக்கங்கள் இடம் மாறினால் கூட்டுத்தொகை மாறாது என்பது இதன் இன்னொரு குறை.

11-ஐப் பயன்படுத்துங்கள். எண்ணின் இலக்கங்களை வலமிருந்து மாறிமாறிக் கழித்துக் கூட்டினால் 6−1+4−3+6−5+6−5 = 8. அதாவது 11-ஆல் வகுத்தால் மீதி 8. இனிக் காரணிகளின் மீதிகளைப் பெருக்குவோம். 8 × 9 = 72, மீதி 6. 6 × 7 = 42, மீதி 9. 13-இன் மீதி 2; 9 × 2 = 18, மீதி 7. 89-இன் மீதி 1, எனவே 7 மாறாது. 97-இன் மீதி 9; 7 × 9 = 63, மீதி 8. பொருந்துகிறது. 97-க்குப் பதில் 79 என்று எழுதியிருந்தால் கடைசியில் 3 வந்து பிழையைக் காட்டிக் கொடுத்திருக்கும். மூல எண்ணைப் படி எடுக்கும்போது 56,563 என்பது 56,653 என்று மாறியிருந்தாலும் மீதி 8-க்குப் பதில் 6 ஆகியிருக்கும்.

இதையும் தாண்டி முழுமையாக ஒருமுறை பெருக்கிப் பாருங்கள். மீதிச் சோதனை பிழையைக் காட்டும், ஆனால் பிழையே இல்லை என்று சான்று தராது.

காரணிகளிலிருந்து குணங்கள்

வகுத்திகளின் எண்ணிக்கை. ஒவ்வோர் அடுக்கோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்குங்கள்: 4 × 3 × 2 × 2 × 2 × 2 = 192. இது அதிகமா, குறைவா? இராமானுஜன் 1915-இல் உயர் பகு எண்களைப் பற்றி ஒரு விரிவான கட்டுரை வெளியிட்டார். தனக்கு முந்தைய எல்லா எண்களையும்விட அதிக வகுத்திகள் கொண்டவையே உயர் பகு எண்கள். நம் எண்ணுக்குச் சற்றுக் கீழே இருக்கும் உயர் பகு எண் 4,32,43,200, அதற்கு 672 வகுத்திகள். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் காரணம் புரிகிறது. நம் எண் 6,552 × 8,633. அது 6,552 × 6,600. பொதுவாக நிற்கும் 6,552-க்கு 48 வகுத்திகள். 89 × 97 ஆன 8,633 அதை நான்கு மடங்காக்குகிறது, அவ்வளவுதான். 8,633-ஐவிடச் சிறியதான 6,600, அதாவது 2³ × 3 × 5² × 11, அதையே பதினான்கு மடங்காக்குகிறது. பெரிய பகா எண்கள் இடத்தை அடைக்கின்றன, வகுத்திகளைப் பெருக்குவதில்லை.

வகுத்திகளின் கூட்டுத்தொகை. ஒவ்வொரு பகா எண்ணுக்கும் 1-இலிருந்து அதன் உச்ச அடுக்கு வரை கூட்டி, பின் எல்லாவற்றையும் பெருக்க வேண்டும். 2³-க்கு 1+2+4+8 = 15. இங்கே இடையில் உள்ளவற்றை மறந்து 1+8 = 9 என்று எழுதுவது மிகவும் வழக்கமான தவறு. 3²-க்கு 13. மற்றவற்றுக்கு 8, 14, 90, 98. பெருக்கினால் 19,26,28,800. இதில் அந்த எண்ணும் அடங்கும். அதைக் கழித்தால் 13,60,65,384 வருகிறது. அது மூல எண்ணைவிடப் பெரியது, ஆகவே 5,65,63,416 ஒரு மிகை எண். உண்மையில் 6-ஆல் வகுபடும், 6-ஐவிடப் பெரிய எந்த எண்ணும் மிகை எண்தான். எனவே ‘மிகையா’ என்ற கேள்விக்கு மட்டும் விடை தேவையென்றால் இத்தனை பெருக்கல் வேண்டாம்.

சார்பகா எண்களின் எண்ணிக்கை. 1 முதல் 5,65,63,416 வரை, இந்த எண்ணோடு 1-ஐத் தவிர வேறு பொது வகுத்தி இல்லாத எண்கள் எத்தனை? ஆய்லரின் சார்பு இதைத் தருகிறது. 8-க்கு 4, 9-க்கு 6, பிறகு 6, 12, 88, 96. பெருக்கினால் 1,45,98,144. 9-க்கு 8 என்று எழுதிவிடாதீர்கள். ‘ஒன்றைக் கழி’ என்பது பகா எண்ணுக்கு மட்டுமே. அடுக்கு இருந்தால் அடுக்கிலிருந்து அதற்கு முந்தைய அடுக்கைக் கழிக்க வேண்டும்: 9 − 3 = 6.

முழு வர்க்கமா? 2-இன் அடுக்கு 3, அது ஒற்றைப்படை. எனவே இல்லை. காரணி தெரியாத நிலையில் கடைசி இரு இலக்கத்தையும் இலக்க மூலத்தையும் (ஒற்றை இலக்கம் வரும்வரை இலக்கங்களைக் கூட்டிக் கிடைப்பது) பார்ப்பார்கள். இந்த எண் 16-இல் முடிகிறது, இலக்க மூலம் 9. இரண்டும் வர்க்கங்களுக்கு உரியவையே, ஆனாலும் இது வர்க்கமல்ல. இத்தகைய வடிகட்டிகள் ‘இல்லை’ என்று சொன்னால் நம்பலாம், ‘இருக்கலாம்’ என்று சொன்னால் வர்க்கமூலம் எடுத்தே ஆக வேண்டும்.

இரு வர்க்கங்களின் கூட்டலா? 4-ஆல் வகுத்தால் மீதி 3 தரும் பகாக் காரணிகளை மட்டும் பாருங்கள். இங்கே 3-உம் 7-உம். அவற்றின் அடுக்குகள் எல்லாம் இரட்டைப்படையாக இருந்தால் மட்டுமே முடியும். 3-க்கு 2, சரி. 7-க்கு 1, அதனால் முடியாது. மூன்று வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியும். 4-ஆல் வகுபடும்வரை வகுத்தபின் எஞ்சுவது 8-ஆல் வகுக்க மீதி 7 தந்தால் மட்டுமே அது இயலாது. இங்கே எஞ்சுவது 1,41,40,854, இரட்டைப்படை எண்.

இரு வர்க்கங்களின் வித்தியாசமாகவோ 48 விதங்களில் எழுதலாம். எண்ணை இரண்டு இரட்டைப்படைக் காரணிகளாகப் பிரிக்கும் வழிகள் அத்தனை. மேலே கண்ட 7,521² − 45² அவற்றில் ஒன்று.

1-ஐ இந்த எண்ணால் வகுத்தால் வரும் தசமம். 2-உம் 5-உம் சுழலாத முன்பகுதியைத் தீர்மானிக்கும். இங்கே 2³ இருப்பதால் முதல் மூன்று இலக்கங்கள் சுழற்சியில் சேராது. மற்றவற்றுக்குத் தனித்தனிச் சுழற்சி நீளங்கள்: 9-க்கு 1, 7-க்கு 6, 13-க்கு 6, 89-க்கு 44, 97-க்கு 96. இவற்றின் மீச்சிறு பொது மடங்கு 1,056. அதாவது 1,056 இலக்கங்களுக்கு ஒருமுறை தசமம் திரும்ப வரும். நீளங்களைப் பெருக்கிவிடாதீர்கள், மீ.சி.ம. எடுக்க வேண்டும். பகா எண் வர்க்கமாக வந்தால் பொதுவாகச் சுழற்சி அந்தப் பகா எண்ணால் பெருகும், எடுத்துக்காட்டாக 7-க்கு 6, 49-க்கு 42. 3 இதற்கு விலக்கு. 1/3, 1/9 இரண்டுக்கும் நீளம் 1. அடுத்த விலக்கு 487.

இரும வடிவம்: 11 0101 1111 0001 0110 1101 1000. மொத்தம் 26 இலக்கங்கள், அவற்றில் 15 ஒன்றுகள். கடைசியில் மூன்று பூச்சியங்கள் நிற்பது 2³-இன் அடையாளம். அடுக்கு சரியா என்று பார்க்க இதுவும் ஒரு வழி.

காரணி தெரியாமலே ஒப்பிட

இரண்டு எண்களின் மீப்பெரு பொது வகுத்திக்குக் காரணிப்படுத்தவே தேவையில்லை. யூக்ளிடின் முறையில் பெரியதைச் சிறியதால் வகுத்து, மீதியால் சிறியதை வகுத்து, இப்படியே போங்கள். 5,65,63,416, 4,32,43,200 இரண்டுக்கும் வரும் மீதிகள்: 1,33,20,216, 32,82,552, 1,90,008, 52,416, 32,760, 19,656, 13,104, 6,552, 0. ஒன்பதே வகுத்தல்களில் 6,552 வந்துவிட்டது. பல சிறிய பகா எண்களைப் பெருக்கி ஒரே எண்ணாக்கி, அதனோடு மீ.பொ.வ. எடுத்தால், சோதிக்கும் எண்ணில் அவற்றில் எவை இருக்கின்றன என்பது ஒரே வீச்சில் தெரிந்துவிடும்.

கணினியில் செய்யும்போது

எக்செல் 15 இலக்கங்கள் வரைதான் துல்லியமாக வைத்திருக்கும். 16 இலக்க எண்ணைத் தட்டச்சு செய்தால் கடைசி இலக்கம் சத்தமில்லாமல் 0 ஆகிவிடும், பிறகு அது 2-ஆலும் 5-ஆலும் வகுபடுவதாகக் காட்டும். எண்களை 64-பிட் மிதவைப்புள்ளி வடிவில் (தசமப் புள்ளியுள்ள எண்களுக்காகக் கணினி வைத்திருக்கும் வடிவம்) மட்டும் வைத்திருக்கும் மொழிகளில் 2⁵³, அதாவது 9,00,71,99,25,47,40,992-ஐத் தாண்டினால் அடுத்தடுத்த முழு எண்களைப் பிரித்தறிய முடியாது. பைத்தானில் முழு எண்ணுக்கு அந்த வரம்பு இல்லை. ஆனால் ஒற்றைச் சாய்கோட்டால் வகுத்தால் விடை அதே மிதவைப்புள்ளி வடிவுக்கு மாறி, பெரிய எண்களில் அங்கேயே துல்லியம் போய்விடும். ஈவுக்கு இரட்டைச் சாய்கோடு //, மீதிக்கு % குறி. லினக்ஸில் ‘ஃபேக்டர்’ (factor) என்ற கட்டளையின் பின்னால் காற்புள்ளி இல்லாமல் எண்ணைக் கொடுத்தால் பகாக் காரணிகள் வரிசையாக வந்து நிற்கும்.

எஞ்சிய எண் பெரியதாக இருந்து காரணி அகப்படவில்லையென்றால், மேலும் வகுப்பதற்கு முன் அது பகா எண்தானா என்று சோதியுங்கள். ஃபெர்மாவின் சிறிய தேற்றத்தை (p பகா எண் என்றால், p-ஆல் வகுபடாத a என்ற எந்த அடிமானத்துக்கும் aᵖ⁻¹-ஐ p-ஆல் வகுக்க மீதி 1) மட்டும் வைத்துச் சோதித்தால் 561 (3 × 11 × 17) போன்ற கார்மைக்கேல் எண்கள் ஏமாற்றிவிடும். அதைவிடக் கடுமையான மில்லர்–ராபின் சோதனையைப் பயன்படுத்துங்கள். 3,21,50,31,751-க்குக் குறைவான எண்ணுக்கு 2, 3, 5, 7 ஆகிய நான்கு அடிமானங்கள் போதும், விடை ஐயமற்றது. 2⁶⁴ வரை முதல் 12 பகா எண்களை அடிமானமாகக் கொண்டால் போதும்.

பகு எண் என்று தெரிந்தும் காரணி அகப்படாத நிலையும் வரும். 2⁶⁷ − 1 பகு எண் என்பது முன்பே தெரிந்திருந்தும், ஃபிராங்க் நெல்சன் கோல் 1903-இல்தான் அதை 19,37,07,721 × 7,61,83,82,57,287 என்று உடைத்துக் காட்டினார். பெருக்கிப் பார்க்க சில நிமிடம் போதும், கண்டுபிடிப்பதுதான் பாடு. இன்று 20 இலக்க எண்ணுக்குப் போலார்டின் ரோ முறையே போதுமானது. காரணிகளில் ஒன்றாவது ஓரளவு சிறியதாக இருந்தால் நீள்வளைய வளைவு முறை இன்னும் பெரிய எண்களுக்கும் கைகொடுக்கும். இரண்டு பெரிய பகா எண்களின் பெருக்கமாகவே அமைக்கப்பட்ட 250 இலக்க எண் ஒன்று 2020-இல் பல கணினிகளைக் கொண்டு உடைக்கப்பட்டது. அந்த அளவு எண் உங்களிடம் வந்தால், எந்த எல்லை வரை சிறிய காரணிகள் தேடினீர்கள், கிடைத்தவை எவை, எஞ்சியது பகா எண்ணா பகு எண்ணா என்ற மூன்றையும் எழுதி வையுங்கள். அடுத்து அதை எடுப்பவர் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.